கடைசிக் கூண்டின் ஊளை

பள்ளிக்கூடப் பேருந்துக்குப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லி, பிள்ளைகளை ஏற்ற மறுத்து, சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தவள் வேன்காரம்மா. வைத்தாள் என்பது அவள் கணவர் சொல்வது. வீசினாள் என்பது நாத்தனார் சொல்வது. எது உண்மை என்று அவளிடமே கேட்டால், "மேசைமேலதான் போய் விழுந்துச்சு" என்று சிரிப்பாள்.

மறுநாள் அதே பேருந்தை வேறொருவன் ஓட்டினான். விபத்து எதுவும் நடக்கவில்லை. அதனால் அவள்தான் திமிர் பிடித்தவள் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் பிழைத்ததைப் பிரேக்குக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ளும் ஊரிடம் என்ன பேச? அவள் மரக் கம்பெனி ஒன்று கழித்துக் கட்டிய பழைய வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

நாலு சக்கரமும் இழுக்கும் வேன் அது. மற்ற வண்டிகளுக்கு இரண்டு சக்கரம்தான் இழுக்கும். அவை சேற்றில் வழுக்கினால் வண்டி அங்கேயே குந்திவிடும். இந்த வேனில் முன் சக்கரம் வழுக்கத் தொடங்கியதும், அடியில் நீளமாக ஓடும் ஒரு தண்டு வழியாகப் பின் சக்கரங்களுக்கும் இழுவை போய்ச் சேரும். அந்தத் தண்டு முடிகிற இடத்தில், பின் அச்சின் நடுவே, குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்பு உருண்டை. பின் சக்கரம் எப்போது இழுக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். வீட்டில் அதற்குப் பெயரே குடம்.

இப்படிப்பட்ட வண்டியை அவள் தேடிப் பிடித்ததற்குக் காரணம் நாய்கள். கால்நடை ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவிலிருந்த சாலை வெயில் காலத்தில் சாலை, மழைக் காலத்தில் சேற்று ஓடை. காலொடிந்த நாய், வயிற்றில் கட்டி வந்த நாய், யாரோ வெந்நீர் ஊற்றிய தெருநாய் என்று எதுவானாலும் மழை நின்று சாலை காயும்வரை கிடந்து துடிக்க வேண்டியதுதான். பாதி நாய்கள் காத்திருந்ததில்லை. அதை விதி என்று சொல்லிக் கையைக் கழுவியவர்களைப் பார்த்தால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். "விதியில்ல, ரோடு" என்பாள்.

கணவர் சோஃபா தைப்பவர். துணியும் பஞ்சும் சட்டமும் ஆணியும் அவருக்கு அத்துப்படி. நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூண்டுகளுக்குள் வெல்வெட் போடலாமா என்று முதல் நாள் கேட்டார்.

"விருந்தாளியா வருது? அதுக்குச் சொறி. கழுவித் தள்ளுற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

கடைசியில் தரைக்கு மரப்பலகை, அதன்மேல் அலுமினியத் தகடு, தகட்டின்மேல் ரப்பர் விரிப்பு என்று முடிவானது. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு என ஐந்து கூண்டுகள், நடுவில் ஓர் ஆள் நடக்க வழி. கூண்டுகளைப் பலகையோடு நிறுத்தாமல் வண்டியின் சட்டத்திலேயே போல்ட்டு போட்டு இறுக்கினார்கள். திடீர் பிரேக்கில் கழன்று வரும் கூண்டு, கல்லெறிந்தது மாதிரி ஓட்டுநரின் பிடரியில் இறங்கும். கம்பி முனைகளை அவர் அரத்தால் ராவி, விரலை ஓட்டிப் பார்த்தார். கூரையில் வெக்கையை உறிஞ்சும் விசிறி. தண்ணீர்க் கிண்ணங்கள் கொக்கியில் தொங்கும், குலுங்கினாலும் கவிழாது. பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, குழாய், சோப்பு.

பராமரிப்பு அவள் பொறுப்பு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் காற்று வடிகட்டியைக் கழற்றினால் தலையணை நிரப்பும் அளவுக்கு முடி வரும். ஒரு டயர் தேய்ந்தால் நாலையும் மாற்றுவாள். ஒரு சக்கரம் மட்டும் புதுசாக, கொஞ்சம் பெரிதாக இருந்தால், மற்றவை வழுக்குகின்றன என்று குடம் ஏமாந்து, ஓயாமல் வேலை செய்து சூடேறிவிடும். குடத்தின் சூட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்தவள் அவள். அதனால்தான் அடுத்து நடந்ததை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஏற்றத்தில் குடம் ஒரு கீச்சொலி எழுப்பும். நம் காதுக்கு அது கொசு. ஆனால் ஏற்றம் தொடங்கியதும் நாய்கள் காதை மடக்கி, எச்சில் ஒழுக, மூலையில் ஒட்டிக்கொள்வதை சோஃபாக்காரர் ஒரு பயணத்தில் பார்த்துவிட்டார். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் வண்டிக்கடியில் புகுந்து, சோஃபாவுக்குள் வைக்கும் தடித்த கம்பளித் துணியைக் குடத்தைச் சுற்றி நாலு மடிப்பாகப் போர்த்தி, கம்பியால் கட்டிவிட்டு வெளியே வந்தார்.

"குடத்துக்கு ஸ்வெட்டர் போட்டாச்சு."

அவள் ஓட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. அடுத்த பயணத்தில் நாய்கள் ஏற்றத்தில் தூங்கின. அவள் அவர் முதுகில் தட்டி, "மூளைக்காரர்தான் நீங்க" என்றாள். இயந்திரம் தெரிந்த எவனும் இதைச் செய்யமாட்டான். நாயைப் பிடிக்காதவனுக்கு இது தோன்றவே தோன்றாது. அந்த ஒரு வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. சூடேறுகிற இரும்புக்குப் போர்வை போர்த்தியிருக்கிறோம் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. அதன்பிறகு சில வாரங்கள் மழையே இல்லாததால் குடத்துக்கும் பெரிதாக வேலை வரவில்லை.

மழை வந்தபோது கறுப்பு நாயின் விவகாரமும் கூடவே வந்தது.

தெரு முனையிலுள்ள மாடி வீட்டின் பின்கட்டில், முழங்கை நீளச் சங்கிலியில் வருஷக்கணக்காகக் கட்டிக் கிடந்த நாய் அது. வீட்டுப் பெரியவர் நுரையீரல் நோயில் படுத்திருந்த நாட்களில் அது விடாமல் ஊளையிட்டது. பெரியவர் போனார். நாய்தான் சாவைக் கூப்பிட்டது என்றார்கள். அடுத்த மாதம் மகனின் கடையில் சரக்குத் தேங்கியது. அதுவும் நாயின் கணக்கிலேயே ஏறியது. மகனுக்கு நகராட்சியில் செல்வாக்கு உண்டு. 'ஆபத்தான நாய்' என்று மனு கொடுத்தான். நகராட்சி நாயைப் பிடித்து அடைத்தது. கொன்றுவிட உத்தரவும் தயாரானது.

வேன்காரம்மா அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

"ஊளை விட்டுச்சு, பெரியவர் போயிட்டாரு. இன்னும் என்னம்மா சாட்சி வேணும்?" என்றார் அதிகாரி.

"மணிக்கூண்டு தினம் மணி அடிக்குது சார். அடிச்சப்புறம் ஊர்ல யாராவது ஒருத்தர் சாகத்தான் செய்யறாங்க. மணிக்கூண்டை இடிச்சிரலாமா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அதிகாரியின் முகம் சுண்டியது. "சட்டப்படி ஒரு வழி இருக்கு. அரசாங்கக் கால்நடை டாக்டர் பாத்து, இது ஆபத்தான நாய் இல்லைன்னு எழுதிக் குடுத்தா விட்டுடறோம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள. முடிஞ்சா கொண்டு போ." ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலைச் சாலையில் ஒரு வண்டியும் போகாது என்று தெரிந்துதான் அவர் அந்த வழியைக் காட்டினார்.

"முடியும்" என்றாள் அவள்.

நாய் நகராட்சியின் காவலில் இருந்ததால் காவலாளி ஒருவனும் கூட வர வேண்டுமாம். மீசை வைத்த, நடுத்தர வயதுக் காக்கிச் சட்டைக்காரன். நாயைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்வாங்கினான்.

"அக்கா, அதைக் கடைசிக் கூண்டுல போடுங்க. எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது."

"அது என்ன தம்பி, சிறுத்தையா?"

"நீங்க நம்பமாட்டீங்க. நான் நம்பறவன். விட்டுடுங்க."

கடைசிக் கூண்டிலேயே அடைத்தாள். சங்கிலிக்குப் பழகிய நாய் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். ரப்பரை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்று விரிப்பை உருவி எடுத்தாள். வாந்தி வந்தால் மூச்சு முட்டும் என்று, நகராட்சி மாட்டியிருந்த வாய்க்கூட்டையும் கழற்றினாள். ஒவ்வொன்றையும் அதன் நன்மைக்காகவே செய்தாள். கடைசிக் கூண்டு சரியாகக் குடத்துக்கு மேலே இருந்தது.

அடிவாரம் தாண்டியதும் சேறு. முன் சக்கரங்கள் ஒருமுறை சுற்றின. பின்னாலிருந்து யாரோ தோளைக் கொடுத்து உந்துவது மாதிரி வண்டி ஏறத் தொடங்கியது. காவலாளி கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தில் மேகம். மூன்றாவது வளைவில் நாய் முனகியது. ஐந்தாவது வளைவில் ஊளையிட்டது.

"அக்கா."

"ம்."

"ஊளை விடுது அக்கா."

"காது எனக்கும் இருக்கு."

"இறக்கி விட்டுடுங்க. நான் நடந்தே திரும்பிடறேன். வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு எனக்கு."

"நாய் கத்தினா மனுஷன் சாவான்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

"பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல. பாத்திருக்கேன்."

"நானும் பாத்திருக்கேன். நாய் கத்தாத வீட்லயும் சாவு விழுது."

ஊளை உயர்ந்தது. கூண்டுக் கம்பியில் நகங்கள் கீறும் சத்தம். வேகத்தைக் குறைக்கலாம் என்று கால் சொன்னது, அவள் குறைக்கவில்லை. இந்த ஊளைக்காக வண்டியை நிறுத்தினால், மாடிவீட்டுக்காரன் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். காக்கிக்காரன் ஊருக்குப் போய், வேன்காரம்மாவே பயந்துவிட்டாள் என்பான். அந்த வீம்பு அவள் காலை ஆக்சிலரேட்டரிலேயே வைத்திருந்தது. மழைக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். கூரை விசிறி புகையைப் பின்னாலேயே உறிஞ்சிக்கொண்டிருந்ததால் வாடை முன்னால் வரவில்லை.

அடுத்த வளைவில் ஊளை உடைந்தது. நீளமாக எழுந்து, நடுவில் அறுந்து, குட்டி நாயின் கீச்சலாக மாறியது.

காரணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று ஊர் முழுக்க உபதேசம் செய்தவள் அவள்தானே? இந்த நாயின் கத்தலுக்கு மட்டும் காரணம் தேடாமல் காதை மூடிக்கொண்டு ஓட்டுகிறாளே! அது சாவைக் கூப்பிடவில்லை, சரி. அப்படியானால் யாரைக் கூப்பிடுகிறது? உன்னைத்தான், வேறு யாரை?

"இறங்கு தம்பி! சக்கரத்துக்குக் கல்லு வை! ஓடு!"

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அவள் பக்கவாட்டுக் கதவைத் தள்ளினாள். கரிந்த கம்பளி வாடை முகத்தில் அறைந்தது. கடைசிக் கூண்டுக்கடியில் புகை. நாய் பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைக் கம்பியில் மாட்டி, பின்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தது. அலுமினியத் தகட்டில் அவள் கை பட்டது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

குடத்தின் ஸ்வெட்டர்.

கூண்டின் தாழ் நகர மறுத்தது. சூட்டில் அடிப்பலகை உப்பி, கதவுச் சட்டத்தை நெரித்திருந்தது. அவள் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால்தான் தாழ் நகரும். நாயை வெளியே இழுக்க மூன்றாவது கை வேண்டும். திரும்பிப் பார்த்தாள். கல்லை வைத்துவிட்டு வந்த காவலாளி வாசலில் நின்றிருந்தான்.

"தீ..." என்றான்.

"அதுக்குத்தான் கத்தியிருக்கு! பிடிச்சு இழு!"

அவன் ஒரு நொடி அசையவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே ஏறி, அவள் தூக்கிப் பிடித்த கதவின் வழியே இரண்டு கையையும் விட்டு நாயை வயிற்றோடு அணைத்தான். வேதனையிலிருந்த நாய் தன்னைப் பிடித்த முதல் கையைக் கடித்தது. பல் இறங்கியது. அவன் வாயைத் திறந்து கத்தினான். கையை மட்டும் எடுக்கவில்லை. நாயோடு சேர்ந்து சேற்றில் போய் விழுந்தான்.

அவள் இருக்கைக்கடியிலிருந்த தீயணைப்பானை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் ஊர்ந்தாள். வெள்ளைப் பொடி அடங்கியதும் குறடால் கம்பியை வெட்டி, கரிந்த கம்பளியைப் பிய்த்து இழுத்துப் போட்டாள். அது சேற்றில் சீறி அணைந்தது. கையோடு தண்டின் போல்ட்டுகளையும் கழற்றி, தண்டை உருவினாள். இனிக் குடம் சுற்றாது. வண்டி முன் சக்கரம் இரண்டால் மட்டுமே ஓடும். உச்சி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அப்புறம் இறக்கம்.

வெளியே வந்தபோது நாய் காவலாளியின் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்து ரத்தம் அதன் முதுகில் சொட்டியது.

"கையைக் காட்டு."

தொட்டிக் குழாயைத் திறந்து, சோப்பைத் தேய்த்து, காயத்தைக் கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"போதும் அக்கா. பொழுது போகுது."

"கால் மணி நேரம் கழுவணும். இதுக்குத் தடுப்பூசி போட்டிருக்காங்களான்னு யாருக்குத் தெரியும்? வெறிநோய் வந்தா உன்னை யாராலயும் காப்பாத்த முடியாது. அதுல மட்டும் எனக்கு விளையாட்டு கிடையாது."

அவன் தாழ்ந்த குரலில், "அக்கா, ஒண்ணு சொல்றேன். கடிச்சதுன்னு சொல்ல வேண்டாம். தகடு கிழிச்சதுன்னு சொல்லிடறேன். கடிச்சதுன்னா ஆபத்தான நாய்னு முத்திரை குத்திடுவாங்க. இதை இன்னைக்கே முடிச்சிடுவாங்க" என்றான்.

அவள் சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி ஓடிவிடுகிறேன் என்ற மனிதன்! அவள் வாழ்க்கையில் பொய்க்கு வாயடைத்து நின்ற முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

முன் கூண்டில் ஈரத்துணி விரித்து நாயைப் படுக்க வைத்தார்கள். உச்சிக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை பின்னால் சறுக்கியது. காவலாளி இறங்கி, ஒரு கையால் தள்ளினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கிளம்பத் தயாராகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். நாயின் பாதங்களைப் பார்த்ததும் பையைக் கழற்றி வைத்தார். மருந்து போட்டு, கட்டுக் கட்டி, வாயைத் திறந்து பார்த்தார். நாய் காட்டியது. உத்தரவுக் காகிதத்தைப் படித்தார்.

"ஊளை விட்டதாம். நாய் பின்ன பாட்டா பாடும்?" என்றவர் காவலாளியைப் பார்த்தார். "உங்க கையில என்ன?"

"தகடு கிழிச்சிருச்சும்மா."

டாக்டர் பேனாவைத் திறந்தார். ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. வேன்காரம்மா நாயைப் பார்த்தாள். கட்டுப்போட்ட நாலு காலையும் நீட்டி அது அசந்து கிடந்தது. பிறகு காவலாளியின் கையைப் பார்த்தாள். வீட்டில் இரண்டு பெண்கள் என்று சொன்னான்.

"நாய் கடிச்சது டாக்டர்."

"அக்கா!"

"தகடு கிழிச்சதுன்னா இவனுக்கு ஊசி போடமாட்டாங்க. கடிச்சது. வெந்த காலோட இருந்ததைத் தூக்கினான், கடிச்சது. தப்பு என் மேல. என் வண்டியாலதான் அதுக்குச் சுட்டுச்சு."

காவலாளி அவளைப் பார்த்த பார்வை வலித்தது; ஊரே திட்டியிருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. டாக்டர் பேனாவை மூடினார்.

"இப்ப நான் கையெழுத்துப் போட முடியாது. கடிச்ச நாய், பத்து நாள் கண்காணிப்புல இருந்தாகணும்."

"அப்ப அவங்க..."

"பேச விடுங்க. அந்தப் பத்து நாள் இது என் பொறுப்பு. நகராட்சி இல்ல, யாரு வந்தாலும் தொட முடியாது. கொன்னுட்டா பத்து நாளும் நோய் வருதான்னு பாக்க முடியாதே. நல்லபடியா இருந்தா, வலியில கடிச்சது, ஆபத்தான நாய் இல்லைன்னு நானே எழுதித் தர்றேன். உண்மையைச் சொன்னதால எனக்கு எழுத ஒரு காரணம் கிடைச்சுது. நீங்க முதல்ல பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கங்க."

ஊசி போடும் இடத்தில் காவலாளி அவளிடம் முகம் கொடுக்கவில்லை. அவள் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் பேசினாள்.

"என்னங்க, குடத்தோட ஸ்வெட்டரைக் கழட்டிட்டேன்."

"ஏன்? நாய்க்குச் சத்தம் கேக்குமே!"

"வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

காவலாளியின் போன் அடித்தது. அதிகாரி. குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"என்னய்யா ஆச்சு?"

"டாக்டர் பத்து நாள் வெச்சுப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க சார். நாய் கடிச்சிருச்சு, என்னை."

"சொன்னேன்ல! வழியில ஊளை விட்டுச்சா?"

காவலாளி ஒரு கணம் வேன்காரம்மாவைப் பார்த்தான்.

"விட்டுச்சு சார்."

"பாத்தியா!"

"அடியில தீ சார். தரை கொதிச்சுது. அதான் கத்துச்சு." கடிபட்ட கையைப் பார்த்துக்கொண்டான். "சார், பெரியவர் வீட்ல அது கத்தினப்ப, கட்டிப்போட்ட இடத்துல என்ன இருந்துச்சுன்னு யாராவது போய்ப் பாத்தோமா?"

"நாளைக்கு ஆபீசுக்கு வா. பேசிக்கறேன்" என்றது குரல். இணைப்பு அறுந்தது.

"வேலை போயிரும் போல" என்றான் காவலாளி, போனைப் பார்த்தபடியே. "எல்லாம் உங்களாலதான்."

"ஆமா" என்றாள் அவள். "கையைத் தூக்கிப் பிடி. தொங்கவிட்டா வீங்கும்."

முறைத்தான். ஆனால் தூக்கிப் பிடித்தான்.